சுவாமி, அடிகள், ஆசான், அய்யா: நோட்டீசில் யாருக்கு எதைப் போடுவது?

2025 பிப்ரவரி 9, காலை. தோவாளை வாசகர் ஒருவர் கேட்டது

எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் சமயச் சொற்பொழிவுக்கு ஐந்து பேர் வருகிறார்கள். ஒருவர் ஸ்ரீமத் சுவாமி, ஒருவர் ஸ்ரீலஸ்ரீ, ஒருவர் தவத்திரு அடிகளார், ஒருவர் மாதாஜி. ஐந்தாமவர் வர்மமும் களரியும் கற்பித்துக்கொண்டே சித்தர் பாடல்களுக்குப் பொருள் சொல்லும் ஆசான். இவற்றுள் எது பெரிய பட்டம், எது சிறியது? ஆசானை மற்ற நால்வரோடு ஒரே வரிசையில் போடலாமா? விழாக்குழு இரண்டு கட்சியாகிவிட்டது. முறைப்படி சந்நியாசம் பெற்றவருக்கு மட்டுமே 'சுவாமி' உரியது, மற்றவருக்குப் போடுவது பிழை என்பது என் கருத்து.

பிப்ரவரி 9, இரவு

நாகர்கோவிலில் ஓர் அச்சகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மெய்ப்புப் பார்த்தவன் என்ற ஒரே உரிமையில் இதை எழுதுகிறேன். பெரியது சிறியது என்று அளக்க எல்லாருக்கும் பொதுவான கோல் கிடையாது. ஒவ்வொரு மடத்துக்கும் தனித்தனிக் கோல் உண்டு. ஒரு மடத்தின் கோலை எடுத்துப்போய் அடுத்த மடத்தை அளப்பதால்தான் குழு இரண்டாகிறது.

ஸ்ரீலஸ்ரீ சைவ ஆதீனங்களின் வழக்கு. இரண்டு ஸ்ரீக்கு நடுவில் ஒரு லகரம் தவறிப்போய்ச் சிக்கிக்கொண்டது என்று நானே வெகுநாள் நினைத்திருந்தேன். 'ஸ்ரீல' என்பது திருவுடைய என்று பொருள்படும் தனி வடசொல். வங்க வைணவர்கள் 'ஸ்ரீல பிரபுபாதர்' என்று சொல்வதும் அதே சொல்லைத்தான். ஸ்ரீமத் என்பதற்கும் ஏறத்தாழ அதே பொருள்தான். அத்வைத மடங்களும் அவற்றின் வழிவந்த அமைப்புகளும் அதை விரும்புகின்றன. தவத்திரு என்பது தமிழில் சொல்லவேண்டும் என்று எண்ணியவர்கள் கைக்கொண்டது. குன்றக்குடி அடிகளார் பெயரோடு சேர்ந்து அது தமிழ்நாடு முழுவதும் பழகிவிட்டது. மூன்றுக்கும் உட்பொருள் ஒன்றே என்னும்போது எதை மேலே வைப்பீர்கள்?

தங்கள் கருத்துக்கு வருகிறேன். சங்கரர் வழியில் வந்த தசநாமிகளுக்கு, அதாவது சரஸ்வதி, பாரதி, புரி, கிரி, தீர்த்தர் முதலிய பத்துப் பெயர்களுள் ஒன்றைத் தாங்கும் துறவிகளுக்கு, தாங்கள் சொல்லும் கட்டுப்பாடு பொருந்தும். ஆனால் திருவண்ணாமலைக்கு ஓடிப்போன வேங்கடராமன் யாரிடமும் தீட்சை பெறவில்லை. ஊரார் அவரைப் பிராமண சுவாமி என்றார்கள்; 1907இல் காவ்யகண்ட கணபதி முனிவர் பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி என்று சொல்ல, அதுவே நிலைத்தது. தங்கள் விதிப்படி பார்த்தால் ஊரார் செய்தது பிழை. அந்தப் பிழையைத் திருத்தும் துணிவு எனக்கு இல்லை.

பிப்ரவரி 10

நேற்று எழுத மறந்தது. 'ஸ்வ' என்றால் தன், தனது. 'ஸ்வாமி' என்றால் தனக்கென உடையவன், அதாவது சொத்துக்காரன். எல்லாவற்றையும் விட்டவருக்கு அந்தப் பெயர் வாய்த்தது ஒரு வேடிக்கை. வைணவர்கள் இராமாநுசரை 'உடையவர்' என்று அழைப்பது அதே பொருளைத் தமிழில் சொல்வதாகவே எனக்குப் படுகிறது. மண்ணையோ பொன்னையோ குறித்ததன்று அந்த உடைமை. தன்னையே தன் வசத்தில் வைத்திருப்பவர் என்று துறவியர் பொருள் சொல்வார்கள். அது பின்னால் ஏற்றிய உரை என்றாலும் நல்ல உரைதான்.

பிப்ரவரி 12

ஸ்ரீ பற்றிப் பேசினோம் அல்லவா, ஈய எழுத்துக் காலத்துக் கதை ஒன்று.

கும்பாபிஷேக நோட்டீசு ஒன்று வந்தது. எட்டுப் பக்கம், தேவி பெயரில் ஸ்ரீ, தேவன் பெயரில் ஸ்ரீ, பரிவார தேவதைகள் அனைவருக்கும் ஸ்ரீ, தந்திரிக்கு ஸ்ரீ, ஆசியுரை வழங்கும் நான்கு துறவியருக்கும் இரண்டிரண்டு ஸ்ரீ. எங்கள் எழுத்துப் பெட்டியில் அந்த அளவில் இருந்த ஸ்ரீ எழுத்துகள் மூன்றாம் துறவியோடு தீர்ந்துவிட்டன. அச்சுக்கோத்தவர் என்னைக் கேட்டார். நான் நான்காமவருக்குத் 'தவத்திரு' என்று போடச் சொன்னேன். முதலாளி மெய்ப்பைக் கையில் வாங்கி, "பேர விட வாலு நீளமாட்டு இருக்கே மக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு இயந்திரத்துக்கு அனுப்பினார்.

மூன்றாம் நாள் புகார் வந்தது. வந்தவர்கள் நான்காமவரின் அன்பர்கள் அல்லர், இரண்டாமவரின் அன்பர்கள். எங்கள் சுவாமிகளை விட்டுவிட்டு அவருக்கு மட்டும் தவத்திரு என்ற தனிச் சிறப்பு ஏன் என்று கேட்டார்கள். பெட்டியில் எழுத்து இல்லை என்று சொன்னால் நம்புவார்களா? 500 பிரதி மறுபடியும் அடித்தோம்.

பிப்ரவரி 13

மேற்கண்ட குறிப்பைப் படித்துவிட்டு, அன்று அச்சுக்கோத்தவரே தொலைபேசியில் அழைத்தார். அவருக்கு வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. நினைவு என்னைவிடக் கூர்மை. தவத்திரு என்று போடச் சொன்னது நான் அல்லவாம், அவரே கோத்துவிட்டு என்னிடம் காட்டினாராம். நான் தலையை ஆட்டினேனாம். பெருமை அவருக்கே உரியது. புகாரில் பாதியையும் அவரே எடுத்துக்கொள்ளட்டும்.

பிப்ரவரி 16

அடிகள் என்ற சொல்லைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

பெரியவரை முகம் நோக்கிப் பெயர் சொல்லி அழைக்கக் கூசியவன் அவர் காலைப் பார்த்துச் சொன்ன சொல் அது. வடமொழியிலும் இதே கூச்சம் உண்டு; சங்கரரைப் பகவத்பாதர் என்கிறோம். காலுக்கு ஆண் பெண் என்ற வேறுபாடு இல்லாததால் பட்டத்துக்கும் இல்லை. சிலப்பதிகாரத்தில் கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்கு அழைத்துச் செல்லும் கவுந்தியடிகள் பெண் துறவி, அதுவும் சமணத் துறவி. ஆகவே மாதாஜி அவர்களுக்குத் தமிழில் ஒரு பட்டம் தேடுகிறவர்கள் அடிகள் என்று தாராளமாகப் போடலாம்; முன்மாதிரி இரண்டாம் நூற்றாண்டுக் கதையிலேயே இருக்கிறது. சுவாமி வேதாசலம் 1916இல் தம் பெயரைத் தமிழாக்கி மறைமலையடிகள் ஆனபோது, வேதம் மறையாகவும் அசலம் மலையாகவும் மாறியதைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். சுவாமி அடிகளாக மாறியதை யாரும் சொல்வதில்லை. உடைமையைச் சொல்லும் சொல் போய்ப் பாதத்தைச் சொல்லும் சொல் வந்தது. நேர் மொழிபெயர்ப்பன்று அது, இடமாற்றம்.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். அடிகளுக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பவன் அடியேன். ஒரு வைணவர் இன்னொரு வைணவரிடம் தம்மை அடியேன் என்று சொல்லிக்கொள்வது அவராக விரும்பி மேற்கொண்ட பணிவு. 1956 நவம்பர் 1இல் தமிழகத்தோடு சேர்வதற்கு முன் நாம் இருந்த திருவிதாங்கூரில், ஒரு காலத்தில், அதே சொல் 'அடியன்' என்ற வடிவில் தாழ்த்தப்பட்ட மக்கள் மேல்சாதியாரிடம் தம்மைக் குறிக்கக் கட்டாயமாகச் சொல்லவேண்டிய சொல்லாக இருந்தது. 'நான்' என்று சொன்னால் குற்றம். தம்பிரான் என்ற சொல்லையும் இதே போல் பாருங்கள். தருமபுரத்திலும் திருவாவடுதுறையிலும் தம்பிரான் என்றால் காவி உடுத்த மடத்துத் துறவி. தோவாளையிலிருந்து மேற்கே போகப்போகத் தம்புரான் என்றால் நிலமும் ஆட்சியும் உடையவர். அரசரே பொன்னு தம்புரான். நோட்டீசில் 'தம்பிரான் சுவாமிகள்' என்று கண்டபோது என் பாட்டி திடுக்கிட்டுக் கையைக் கட்டிக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. வருகிறவர் கும்பகோணம் பக்கத்துத் துறவி என்று சொல்லியும் அவர் முகம் தெளியவில்லை.

பட்டத்தின் பொருளை அகராதியில் தேடுவதைவிட, அதைச் சொல்லும் வாயில் தேடவேண்டும் என்று அன்றிலிருந்து எனக்கு ஓர் எண்ணம்.

பிப்ரவரி 17

மார்த்தாண்டத்து நண்பர் இரண்டு ஆட்சேபம் தெரிவித்திருக்கிறார். தம்பிரானும் தம்புரானும் வெவ்வேறு சொற்கள் என்கிறார். தம் பிரான், தம்முடைய தலைவன். மூலம் ஒன்றுதான், மலையாள உச்சரிப்பில் இகரம் உகரமாயிற்று. இரண்டாவது, சிலப்பதிகாரத்தை இரண்டாம் நூற்றாண்டு என்று நான் உறுதியாகச் சொன்னது. அதை ஒப்புக்கொள்கிறேன். காலத்தைப் பற்றி அறிஞர்களிடையே வழக்கு இருக்கும்போது நான் தீர்ப்பு எழுதியிருக்கக்கூடாது. 'பழங்கதையிலேயே' என்று திருத்திப் படிக்கவும்.

பிப்ரவரி 20

ஆசானுக்கு வருகிறேன். குழுவில் உண்மையான சண்டை இவரைப் பற்றித்தான் என்று தோவாளை நண்பர் தனியாக எழுதியிருக்கிறார். அடிமுறையும் வர்மமும் சொல்லிக்கொடுப்பவரைத் துறவியரோடு சேர்ப்பதா என்று கேட்கிறார்களாம்.

மருத்துவாழ்மலையில் பிள்ளத்தடம் குகையில் தவம் இருந்த நாராயண குருவை அதற்கு முன்னால் ஊரார் எப்படி அழைத்தார்கள்? நாணு ஆசான். பள்ளி நடத்தியவர் என்பதால் ஆசான். அவருடைய சீடரான பெருங்கவிஞர் குமாரன் ஆசான் அந்தப் பெயரைக் கடைசிவரை விடவில்லை. குருவோடு பழகிய சட்டம்பி சுவாமிகளின் கதை இன்னும் சுவையானது. பேட்டை இராமன் பிள்ளை ஆசான் பள்ளியில் மற்ற மாணவர்களை மேய்க்கும் சட்டாம்பிள்ளையாக இருந்தவர். அந்தப் பள்ளிக்கூட வேலையே ஞானியான பிறகும் பட்டமாக ஒட்டிக்கொண்டது. இன்றைய மலையாளத்தில் சட்டம்பி என்றால் அடாவடிக்காரன். ஆனாலும் சுவாமிகள் பெயரில் அந்தச் சொல்லைக் கேட்கும் எவருக்கும் அடாவடி நினைவுக்கு வருவதில்லை. சொல்லை மனிதர் வென்றுவிட்டார்.

இவர்கள் இருவருக்கும் யோகம் கற்பித்ததாகச் சொல்லப்படும் தைக்காட்டு அய்யாவும் இப்படித்தான். ஆங்கிலேயப் பிரதிநிதியின் அலுவலகமான ரெசிடென்சியில் சூப்பிரண்டு வேலை பார்த்ததால் சூப்பிரண்டு அய்யா. அலுவலகப் பதவி ஒருபுறமும் ஞானம் மறுபுறமுமாக ஒரு பட்டம்.

எனவே ஆசானை ஆசான் என்றே அதே வரிசையில், அதே எழுத்தளவில் போடுங்கள். அவருக்குப் 'பிரம்மஸ்ரீ' சேர்க்கலாம் என்று ஒரு கட்சி சொல்கிறதாம். வேண்டாம். அது அவரை உயர்த்துவதாகத் தெரியவில்லை. ஆசான் என்பது போதாது என்று சொல்வதாகவே தெரிகிறது.

குரு என்ற சொல்லை மறந்துவிட்டேன். 'கு' இருள், 'ரு' நீக்குவது என்று மேடைதோறும் சொல்கிறார்கள், அழகான விளக்கம். சொல்லின் நேர்ப்பொருள் கனமானது என்பதே. லகு என்பதற்கு எதிர்ச்சொல். மேடையில் இதைச் சொன்னால் கைதட்டல் கிடைக்காது.

பிப்ரவரி 23

குருவிலிருந்து வந்த குரவர் என்ற சொல் சிலப்பதிகாரத்தில் 'இருமுது குரவர்' என்று பெற்றோரைக் குறிக்கும். சமயக்குரவர் நால்வர் என்பதும் அதுவே. நம் பக்கத்து நோட்டீசுகளில் பத்துக்கு மூன்றிலாவது 'சமயக்குறவர்' என்றுதான் வரும். ஒருமுறை திருத்தப்போனபோது வேளிமலைக் குமாரகோவில் பக்கத்து அன்பர் ஒருவர், "வள்ளியம்மை பிறந்த குலந்தானே, இருந்துட்டுப் போவட்டும்" என்றார். பக்தி நோக்கில் எனக்கும் மறுப்பில்லை. மெய்ப்பு நோக்கில் இடையின ரகரமே சரி.

பிப்ரவரி 27

சிவராத்திரி முடிந்தது. முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கும் 'கோவிந்தா கோபாலா' என்று ஓடியவர்கள் நேற்று எங்கள் தெருவைக் கடந்தார்கள். தண்ணீர் கொடுத்த பக்கத்து வீட்டுப் பெண் ஒவ்வொருவரையும் "குடியுங்க சாமி" என்றார். அவர்களுள் ஒருவன் என் தம்பி மகன். வாரத்தில் ஆறு நாள் அவனை யாரும் சாமி என்று சொல்லமாட்டார்கள்.

சந்நியாசிக்கு மட்டும் என்ற விதி இங்கேதான் ஆட்டம் காண்கிறது. சபரிமலைக்கு மாலை போட்ட அன்றே கன்னிச்சாமி. பதினெட்டு ஆண்டு போனால் குருசாமி. மாலையைக் கழற்றினால் பழையபடி மாமா, மச்சான். பத்மநாபசாமி கோயிலில் புஷ்பாஞ்சலி செய்யும் முஞ்சிறை மடத்துத் துறவி சுவாமியார். கடற்கரை ஊர்களில் பங்குத்தந்தையும் சாமியார்தான். பேருந்து நடத்துநர் "சாமியார்மடம் எறங்கு" என்று கூவும்போது அந்தச் சாமியார் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஒரே சொல் மாலைக்குள் ஒரு விலை, மடத்துக்குள் ஒரு விலை என்று இருந்தும் குழப்பம் வருவதில்லை. எழுதும்போது மட்டுமே வருகிறது.

மார்ச் 4, மாசி 20

அய்யா வைகுண்டர் அவதார நாள், இன்று மாவட்டத்துக்கு விடுமுறை. நாகராஜா கோயில் திடலிலிருந்து சுவாமித்தோப்புக்குப் போகும் ஊர்வலத்தை வழக்கம்போல் நின்று பார்த்தேன். 'அய்யா சிவசிவ அரகர அரகரா' என்ற ஒலி கோட்டாறு தாண்டியும் காதில் இருந்தது.

ஊரின் பெயர் சுவாமித்தோப்பு. அய்யாவழியினரின் புனித நூலான அகிலத்திரட்டிலும் வைகுண்டசாமி என்று வரும். வாயில் வருவதோ அய்யா. ஒருவரை ஒருவர் கண்டால் 'அய்யா உண்டு' என்பார்கள். அங்கே சுவாமி உண்டு என்று சொன்னால் ஒட்டாது. 1809இல் பிறந்த குழந்தைக்கு முடிசூடும் பெருமாள் என்று பெற்றோர் பெயரிட, அத்தகைய பெயர் இந்தச் சாதிக்கு ஆகாது என்று மேலிருந்தவர்கள் மறுத்ததால் முத்துக்குட்டி ஆக்கினார்கள் என்பது வழங்கிவரும் வரலாறு. பெயருக்கே அனுமதி மறுக்கப்பட்ட ஒருவரை, தம்மை அடியன் என்று சொல்லிக்கொள்ளப் பணிக்கப்பட்டிருந்த மக்கள் அய்யா என்று அழைத்தார்கள். தலைப்பாகை கட்டிக்கொண்டு அழைத்தார்கள். எந்த ஆதீனத்தின் பட்டயமும் இதற்கு ஈடாகத் தோன்றவில்லை.

இன்று நடந்துகொண்டே எண்ணிப் பார்த்தேன். சுவாமித்தோப்பில் அய்யா. கன்னியாகுமரிக் கடற்கரையில் நாய்கள் சூழ இருந்து, 1992இல் சேலத்தில் சமாதியான மாயம்மா, அம்மா. தக்கலையில் ஞானப்புகழ்ச்சி பாடிய பீர் முகம்மது, அப்பா. தோவாளைக்காரர்களே, உங்கள் பக்கத்தில் ஆடிச் செவ்வாயில் பெண்கள் கொழுக்கட்டை அவிக்கப் போகும் அவ்வையாரம்மன். அவ்வை என்றாலும் தாய்தான். வேறு வேறு சமயத்தார், வேறு வேறு காலத்தார். இந்த மண்ணில் வாயில் நிலைத்தவை எல்லாம் வீட்டுச் சொற்கள். இது புதிதும் அன்று. நாவுக்கரசரைச் சம்பந்தப் பிள்ளை 'அப்பரே' என்று அழைத்ததும், காரைக்காற் புனிதவதியை இறைவனே 'அம்மையே' என்றதும் பெரியபுராணத்தில் இருக்கின்றன.

மார்ச் 5

நேற்றைய குறிப்பில் ஊர்வலத்தின் உணர்ச்சி கொஞ்சம் அதிகம். அய்யா முழுக்க வீட்டுச் சொல் என்று சொல்ல முடியாது. வரி கேட்டு வந்தவனும் போலீசுக்காரனும் தாலுகா அலுவலரும் அய்யாதான். தந்தையைச் சொல்லும் அதே சொல் அதிகாரத்தையும் சொல்கிறது. அதனால்தான் அந்தச் சொல்லை எடுத்துத் தம்முள் ஒருவருக்குக் கொடுத்தது அவ்வளவு பெரிய செயலாயிற்று என்று இப்போது தோன்றுகிறது. நேற்று பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று. பட்டம் பெறுபவருக்கு அதில் விருப்பம் உண்டா என்று நாம் யாரும் கேட்கவில்லை. வடலூர் வள்ளலார், தம்மை இராமலிங்கசாமி என்று வழங்குவதில் தமக்குச் சம்மதம் இல்லை, அது ஆரவாரத்துக்கு அடுத்த பெயராகத் தோன்றுகிறது என்று அன்பருக்குக் கடிதமே எழுதினார். 1867இல் திருவருட்பா வெளிவந்தபோது மாணாக்கர் தொழுவூர் வேலாயுதனார் திருவருட்பிரகாச வள்ளலார் என்று அச்சிட்டுவிட்டார். சாமி வேண்டாம் என்றவருக்கு அதைவிட நீளமான பட்டம். அச்சகத்தில் உட்கார்ந்த எனக்கு இது வியப்பாக இல்லை; மெய்ப்பை ஆசிரியர் பார்ப்பதற்குள் மாணாக்கர் பார்த்துவிடுவார்.

மார்ச் 11

பேத்தியை அழைத்துக்கொண்டு கன்னியாகுமரியில் புதிய கண்ணாடிப் பாலத்தில் நடந்தேன். 77 மீட்டர். கடலைக் காலுக்குக் கீழே பார்த்துக்கொண்டு அவள் கேட்டாள்: அந்தப் பாறையில் சுவாமி, இந்தப் பாறையில் அய்யன், ஏன்?

சுவாமி விவேகானந்தர் 1892 டிசம்பரில் அங்கே தவம் இருந்தபோது அந்தப் பெயரே அவருக்கு நிலைத்திருக்கவில்லை; மறு ஆண்டு கப்பலேறும் முன் கேத்ரி மன்னர் சொல்லி ஏற்றுக்கொண்டது அது என்பார்கள். பாறைக்கோ அதற்கும் வெகுகாலம் முன்பே ஸ்ரீபாதப் பாறை என்று பெயர், தேவியின் திருவடி பதிந்தது என்பதால். மறுபடியும் அடி! வள்ளுவரைப் பழைய ஏடுகள் நாயனார் என்றன, தெய்வப்புலவர் என்றன. 133 அடிச் சிலை 2000இல் எழுந்தபின் மாவட்டம் முழுவதும் அய்யன். 'ஐ' என்பதற்குத் தொல்காப்பியம் வியப்பு என்று பொருள் சொல்கிறது. இவ்வளவையும் பாலத்தில் நின்று சொல்லத் தொடங்கினேன். அவள் பாதிப் பாலத்தைக் கடந்துவிட்டிருந்தாள்.

மார்ச் 16

தோவாளை நண்பர் நோட்டீசின் மெய்ப்பை அனுப்பியிருக்கிறார். ஐவரும் வருகிற நாள் வரிசையில், ஒரே எழுத்தளவில் இருக்கிறார்கள். ஆசான் ஆசானாகவே இருக்கிறார். மாதாஜியைக் கேட்டதில் அம்மா என்று போட்டால் போதும் என்றாராம். குழு ஒத்துக்கொள்ளாமல் 'மாதாஜி அம்மா' என்று போட்டிருக்கிறது. தாய்க்குத் தாய். விட்டுவிடுங்கள், இதற்கு இன்னொரு கூட்டம் வேண்டாம்.

திருத்தங்கள் மூன்றே. 'அடிகளார் அவர்கள் அவர்களின்' என்பதில் ஒரு 'அவர்கள்' போதும். 'ஸ்ரீல ஸ்ரீ' என்று இடம் விட்டிருப்பதைச் சேர்க்கவும். இரண்டாம் பக்கம் ஐந்தாம் வரியில் சமயக்குறவர் என்று இருக்கிறது, இடையின ரகரம்.